எந்த இரைக்கு எந்தக் கம்பு?
தூண்டிலில் ஒளிந்திருக்கும் இயற்பியல்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய்கள் நிறைந்துவிட்டால் தேனி மாவட்டத்தில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். கரையோரப் புளியமர நிழலில் சிறுவர்கள் மூங்கில் கம்பும் தங்கூசி நரம்புமாக அமர்ந்திருப்பார்கள். தக்கை ஒருமுறை முங்கி எழுந்தால் போதும், கம்பு மேலே பறக்கும். நுனியில் ஒரு ஜிலேபிக் கெண்டை துள்ளும். அண்மைக் காலத்தில் இக்காட்சியில் ஒரு புதுமை சேர்ந்திருக்கிறது. அதே கரையில் பளபளக்கும் கார்பன் கம்பும் ரீலுமாக இளைஞர்கள் நிற்கிறார்கள். அவர்கள் கையில் மண்புழு இல்லை. ரப்பர் தவளை, சுழலும் தகடு, வண்ணம் தீட்டிய மரமீன் ஆகிய போலி இரைகள் இருக்கின்றன.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவர் ஒருவர் இத்தகைய கம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். விடுமுறையில் கம்பம் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்து சேர்த்த கூலியைக் கொடுத்து அதை வாங்கியிருந்தார். எட்டடி நீளம், கட்டைவிரல் பருமன். வட அமெரிக்க ஏரிகளில் வாழும் 'மஸ்கி' என்னும் பெரிய மீனைப் பிடிக்கச் செய்யப்பட்ட கம்பு அது. பெரிய மீனைப் பிடிக்கும் கம்பு எளிதாக விராலையும் பிடிக்கும் என்பது அவர் கணக்கு. ஆனால் 15 கிராம் எடையுள்ள ரப்பர் தவளையைக் கட்டி எறிந்தால் அது பத்தடிக்கு அப்பால் போகவில்லை. பக்கத்தில் மூங்கில் கம்புடன் நின்ற சிறுவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"ஐயா, கம்பு சரியில்லையா, என் கை சரியில்லையா?" என்று கேட்டார் அவர்.

கம்பிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. கம்புக்கும் இரைக்கும் பொருத்தம் இல்லை என்பதே விடை. அந்தப் பொருத்தம் என்ன என்பதை நெம்புகோல், சுருள்வில், சட்டத்தின் வளைவு ஆகிய மூன்று பாடங்களைக் கொண்டு அறிந்துகொள்ளலாம். மூன்றும் நீங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்தவையே.

நட்டத்திலும் ஒரு லாபம்

முதலில் நெம்புகோல். தூண்டில் கம்பை இரு கைகளால் பிடிக்கிறோம். கீழ்க்கை அடிமுனையில் இருக்கிறது, அதுவே ஆதாரப்புள்ளி. மேல்கை அதிலிருந்து சுமார் 40 செ.மீ. தூரத்தில் ரீலுக்கு அருகில் இருக்கிறது. விசை கொடுப்பது அது. பளு நுனியில் இருக்கிறது. விசை நடுவிலும் பளு கடைசியிலும் அமைந்த இது மூன்றாம் வகை நெம்புகோல். அடுப்பங்கரை இடுக்கியும் இவ்வகையே.

கம்பின் நீளம் 240 செ.மீ. என்று கொள்வோம். 240ஐ 40 ஆல் வகுத்தால் 6. அதாவது நுனியில் 1 கிலோ இழுத்தால் மேல்கையில் 6 கிலோ இழுவையை உணர்வோம். எந்திரமாகப் பார்த்தால் இது நட்டக் கணக்கு. ஆனால் இதே கணக்கில் லாபமும் இருக்கிறது. மேல்கை 10 செ.மீ. நகர்ந்தால் நுனி 60 செ.மீ. நகர்கிறது. விசையில் இழந்ததை வேகத்தில் பெற்றுவிடுகிறோம். வெறுங்கையால் எறிய முடியாத தூரத்துக்கு இரையைக் கம்பால் எறிய முடிவது இதனால்தான்.

கம்பு நீண்டால் வேகம் கூடும். கைக்கு வரும் பளுவும் கூடும். நீளமான கம்பெல்லாம் நல்ல கம்பு ஆகிவிடாது என்பதற்கு இது முதற்காரணம்.

கம்பு ஒரு வில்

இரண்டாவது பாடம் சுருள்வில். கம்பைப் பின்னே கொண்டுபோய் வேகமாக முன்னே வீசும்போது, நுனியில் தொங்கும் இரை தன் நிலைமத்தால் பின்தங்குகிறது. அதனால் கம்பு பின்னோக்கி வளைகிறது. பிறகு நிமிர்கிறது. நிமிரும் அந்தக் கணத்தில் இரை விடுபட்டால் கையின் வேகத்தோடு நிமிர்வின் வேகமும் சேர்ந்துகொள்கிறது. எறிதலின் ஆற்றலில் பெரும்பகுதி கையிலிருந்தே வருகிறது என்பது உண்மைதான். ஆனால் எப்போது விடுவது என்ற நேரத்தை ஒழுங்குபடுத்துவது கம்பின் வளைவு.

வில்லின் அலைவு நேரம் இரண்டைப் பொறுத்தது: வில்லின் விறைப்பு, அதில் தொங்கும் நிறை. நிறை நான்கு மடங்கானால் அலைவு நேரம் இரு மடங்காகும். விறைப்பு நான்கு மடங்கானால் அலைவு நேரம் பாதியாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மெல்லிய கம்பின் விறைப்பு மீட்டருக்கு 20 நியூட்டன். இரையும் கம்பு நுனியின் பங்குமாகச் சேர்ந்த நிறை 40 கிராம். வாய்பாட்டில் இட்டுப் பார்த்தால் அலைவு நேரம் ஏறத்தாழ 0.28 வினாடி. கை சுறுசுறுப்பாக வீசும் வேகத்துக்கு இது ஒத்துவரும். இதே கம்பில் 160 கிராம் நிறையைக் கட்டினால் அலைவு நேரம் 0.56 வினாடி. கை வீச்சை முடித்துவிடும். கம்போ இன்னும் வளைந்தே நிற்கும். இரை தாமதமாக விடுபட்டு நமக்கு முன்னாலேயே தண்ணீரில் அறையும். 160 கிராமுக்குப் பழைய நேரமே வேண்டுமானால் மீட்டருக்கு 80 நியூட்டன் விறைப்புள்ள கம்பு வேண்டும். நிறை எத்தனை மடங்கோ, விறைப்பும் அத்தனை மடங்கு. 'கனமான இரைக்குக் கனமான கம்பு' என்ற அனுபவ வாக்கின் பொருள் இதுவே.

இதைத் திருப்பிப் பார்த்தால் நம் மாணவரின் துன்பம் விளங்கும். 80 நியூட்டன் விறைப்புள்ள கம்பில் 15 கிராம் தவளை. இரை 10 மடங்கு புவியீர்ப்பு முடுக்கம் பெறுவதாகக் கொண்டாலும் நுனியில் ஏற்படும் விசை ஒன்றரை நியூட்டன்தான். கம்பு 2 செ.மீ. கூட வளையாது. வளையாத கம்பு எப்போது நிமிர்ந்தது என்று கைக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை இரை வானத்துக்குப் போகும். மறுமுறை காலடியில் விழும்.

உருளையும் ஒரு சுமை

அவருடைய கம்பில் இருந்தது எறியும்போது உருளையே சுழன்று நரம்பை விடும் ரீல். பெரிய மீனுக்குரிய தடித்த நரம்பு அதில் சுற்றியிருந்தது. உருளையும் நரம்பும் சேர்ந்து 100 கிராம் என்று கொள்வோம். ஒரு திண்ம உருளையின் விளிம்பைப் பிடித்து இழுத்துச் சுழற்றுவது அதன் நிறையில் பாதியை நேர்கோட்டில் இழுப்பதற்குச் சமம் என்பது சுழற்சி இயக்கப் பாடத்தில் வரும் முடிவு. ஆகவே 15 கிராம் தவளை தன்னோடு 50 கிராமையும் இழுத்துக்கொண்டு பறக்கவேண்டும்.

உந்த அழிவின்மை விதியைக் கொண்டு எளிமையாகக் கணக்கிட்டால், தவளையிடம் மிஞ்சும் வேகம் 65இல் 15 பங்கு. நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. அதே ரீலில் 150 கிராம் இரையைக் கட்டினால் மிஞ்சும் வேகம் 200இல் 150 பங்கு; நான்கில் மூன்று பங்கு. எறியும் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? வேகம் மூன்றில் ஒன்றானால் தூரம் ஒன்பதில் ஒன்றாகிவிடும். கனமான இரைக்குப் பெரிய தடையாக இல்லாத ரீல், சின்னத் தவளைக்குக் காலில் கட்டிய கல்.

உருளை சுழலாமல், நரம்பு மட்டும் முனைவழியே வளையம் வளையமாக வெளியேறும் வேறொரு வகை ரீல் உண்டு. அதில் இந்தச் சுமை இல்லை. 20 கிராமுக்குக் குறைந்த இரைகளை எறியத் தொடங்குவோருக்கு அதுவே ஏற்றது.

நீளமும் பருமனும்

மூன்றாவது பாடம் சட்டத்தின் வளைவு. இளநிலை இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மீட்டர் அளவுகோலை மேசை விளிம்பில் இறுக்கி, மறுமுனையில் எடைகளைத் தொங்கவிட்டு யங் குணகம் காணும் சோதனையை மாணவர்கள் செய்திருப்பீர்கள். தூண்டில் கம்பு அந்த அளவுகோலின் தம்பியே. அச்சோதனை தரும் முடிவுகள் இரண்டு. நுனியின் இறக்கம் நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதம். உருண்டையான கம்பாக இருந்தால் விட்டத்தின் நான்மடிக்கு எதிர்விகிதம்.

ஏழடிக் கம்பை அதே பருமனில் ஒன்பதடி ஆக்கினால் அது இரு மடங்குக்கு மேல் வளையும். அதை ஈடுகட்டப் பருமனை எவ்வளவு கூட்டவேண்டும்? ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் போதும்! 1.2ஐ நான்குமுறை பெருக்கிப் பாருங்கள், இரண்டைத் தாண்டும். கடையில் இரண்டு கம்புகள் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றலாம். அடிப்பருமனில் உள்ள சிறு வேறுபாடு வலிமையில் பெரிய வேறுபாடாக முடியும்.

எந்தப் பொருளால் ஆனது என்பதும் முக்கியம். மூங்கிலின் யங் குணகம் நார்களின் போக்கில் ஏறத்தாழ 15 முதல் 20 கிகாபாஸ்கல். கண்ணாடி இழைக் கம்புக்கு 40 அளவில். கார்பன் இழைக் கம்புக்கு 120க்கும் மேல். விறைப்பில் மூங்கில் கடைசி. ஆனால் அடர்த்தியால் வகுத்துப் பாருங்கள். மூங்கிலின் ஒப்படர்த்தி 0.7 அளவு, கண்ணாடி இழைப் பொருளுக்கு 2, கார்பனுக்கு 1.6. எடைக்கு எடை பார்த்தால் மூங்கில் கண்ணாடி இழையோடு தோளுக்குத் தோள் நிற்கிறது; சற்று முந்தியும் விடுகிறது! கார்பன் மட்டுமே இரண்டையும் வெகுவாக மிஞ்சுகிறது.

மூங்கில் உள்ளே கூடாகவும் வெளிப்புறத்தில் நார் செறிந்தும் இருக்கிறது. வளையும் சட்டத்தில் தகைவு முழுவதும் வெளிப்புறத்திலேயே மிகுதி. நடு அச்சில் தகைவே இல்லை. தேவையான இடத்தில் நாரை வைத்து, தேவையற்ற இடத்தைக் காலியாக விட்ட இயற்கையின் சிக்கனம் அது. தொழிற்சாலையில் செய்யும் கார்பன் கம்பும் உள்ளே குழாய்தான். ஆகவே கண்மாய்க்கரைச் சிறுவனின் கம்பை ஏளனமாகப் பார்க்காதீர்கள்.

கண்ணாடி இழைக்கும் ஒரு சிறப்பு உண்டு. முறிவதற்கு முன் அது கார்பனைவிட அதிகம் நீளும். கல்லில் இடிபட்டாலும் ஓரளவு தாங்கும். கார்பன் கம்பில் ஒரு சிறு கீறல் விழுந்தால், பிறகொரு நாள் பளு ஏறும்போது முன்னறிவிப்பின்றி 'படீர்' என்று முறியும்.

இரைகளும் அவற்றின் கம்புகளும்

இனி இரைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மண்புழு, பிசைந்த மாவு: கெண்டை, ஜிலேபி முதலியவற்றுக்கு. இரை சில கிராம்தான். எறிவதும் சில அடிதான். நுனி மெலிந்த மூங்கிலே போதும். மெல்லிய நுனி மீன் கொத்துவதைக் கைக்குச் சொல்லும்.

தவளை: விராலுக்கு உகந்தது. ஆகாயத்தாமரையும் அல்லியும் மண்டிய நீர்ப்பரப்பின்மேல் தத்தித் தத்திச் செல்லும். எடை 10 முதல் 20 கிராம். எடையை மட்டும் பார்த்தால் மெல்லிய கம்பு போதும். ஆனால் கவ்விய விராலைச் செடிகளின் வேர்ப்பின்னலிலிருந்து உடனே இழுத்தாகவேண்டும். அதற்கு விறைத்த கம்பு தேவை. இந்த முரண்பாட்டுக்குத் தீர்வு, நுனி முக்காலடி இளகியும் நடுவும் அடியும் விறைத்தும் உள்ள கம்பு. இளகிய நுனி எறிய. விறைத்த உடல் இழுக்க. ஆறரை முதல் ஏழடி போதும்.

சுழல்தகடு: கம்பியைச் சுற்றித் தகடு சுழலும் இரை. இதில் எடையைவிட நீரின் தடையே முக்கியம். தடை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதம். தகடு மறைக்கும் பரப்பு 20 சதுர செ.மீ. எனில், வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தடை சுமார் 1 நியூட்டன். இரண்டு மீட்டர் வேகத்தில் 4 நியூட்டன். நம் நெம்புகோல் கணக்குப்படி மேல்கையில் 24 நியூட்டன், அதாவது இரண்டரைக் கிலோ! இதை நாள் முழுவதும் தாங்கவேண்டும். கைப்பிடி நீண்டதாக, இரு கைகளின் இடைவெளி கூடியதாக உள்ள கம்பைத் தேர்ந்தால் சுமை குறையும். சீராக வளையும் கம்பு நல்லது.

தாடையுள்ள மரமீன்: முகத்தில் சிறு தகடு பொருத்திய இது, இழுக்கும்போது தலையை ஆட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகும். இதில் சிறிய மும்முனை முட்கள் இருக்கும். விறைத்த கம்பால் வெடுக்கென்று இழுத்தால் முள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே நடுப்பகுதி வரை வளையும் கம்பு வேண்டும்.

வெட்டி இழுக்கும் மரமீன்: இதற்குத் தானாக ஆட்டம் கிடையாது. கம்பின் நுனியால் கீழ்நோக்கி வெட்டி வெட்டி இழுத்தால்தான் இடமும் வலமுமாக நழுவும். இளகிய கம்பால் வெட்டினால் அந்த அசைவு வளைவிலேயே கரைந்துபோகும். மரமீனுக்குப் போய்ச் சேராது. விறைப்பு தேவை. நீளமும் மிதமாக இருக்கவேண்டும். பரிசலில் அமர்ந்து வெட்டும்போது நீண்ட கம்பின் நுனி தண்ணீரில் அடிக்கும். உயர்ந்த கரையில் நிற்பவர் சற்று நீண்டதை வைத்துக்கொள்ளலாம்.

பெரிய ரப்பர் மீன்: மஸ்கி பிடிப்போர் 30 கிராமிலிருந்து 450 கிராம் வரை எடையுள்ள இரைகளை எறிகிறார்கள். 450 கிராமைப் பத்து மடங்கு புவியீர்ப்பு முடுக்கத்தில் வீசினால் நுனியில் 45 நியூட்டன். மேல்கையில் 270 நியூட்டன். 27 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தள்ளுவதற்கு ஒப்பாகும்! எனவே இத்தகைய இரையை விசிறி எறியாமல், கம்பை நன்றாக வளையவிட்டு மெதுவாக வீசுகிறார்கள். எட்டு முதல் ஒன்பதடி, மிகக் கனமான கம்பு. பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மஸ்கி என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். பத்தாயிரம் முறை வீசவேண்டியவருக்குப் பொருத்தமில்லாத கம்பு எவ்வளவு பெரிய தண்டனை!

கம்பின் அடியில் கிராமிலோ அவுன்சிலோ ஓர் எல்லை அச்சிட்டிருப்பார்கள். 1 அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம். மாணவரின் கம்பில் 3 முதல் 8 அவுன்ஸ் என்றிருந்தது. அதாவது 85 முதல் 225 கிராம். அவர் கட்டியது 15 கிராம். 'கனம்', 'மிகு கனம்' என்று குறிக்கும் எழுத்துகளை நம்பவேண்டாம். ஒரு நிறுவனத்தின் 'கனம்' மற்றொரு நிறுவனத்தின் 'நடுத்தரம்' ஆகலாம். கிராம் எல்லையைப் பாருங்கள். அதன் நடுப்பகுதியில் உங்கள் இரையின் எடை அமைந்தால் அது உங்கள் கம்பு.

மீன் இழுக்கும்போது

கனமான கம்பால் மீனை அதிக விசையுடன் இழுக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நரம்பின் முனையை ஒரு சுருள்வில் தராசில் கட்டி, தராசை மரத்தில் மாட்டிவிட்டுக் கம்பால் இழுத்துப் பாருங்கள். என் மாணவர்கள் இச்சோதனையைச் செய்தார்கள். 'பத்துக் கிலோ இழுப்பேன்' என்று தொடங்கிய உடற்பயிற்சி வீரருக்கு மூன்று கிலோவை எட்டவே கை நடுங்கியது. காரணம், நீங்கள் அறிந்த அந்த ஆறு மடங்குதான்.

கம்பு வளைவது நம்மைக் காக்கிறது. வளைய வளைய, நரம்பின் இழுவைக் கோட்டுக்கும் கைக்கும் உள்ள செங்குத்துத் தூரம் குறைகிறது, திருப்புத்திறனும் குறைகிறது. மீன் திடீரென்று பாயும்போது அந்த அதிர்ச்சியைக் கம்பு சிறுகச் சிறுக வாங்கிக்கொள்கிறது. நரம்பு அறாமல் இருப்பது இதனால்தான்.

ஆனால் கம்பைத் தலைக்குப் பின்னால் சாய்த்து இழுக்கலாகாது. அப்போது வளைவு முழுவதும் பருத்த அடிப்பகுதியை விட்டு மெல்லிய நுனிக்கு ஏறிவிடும். இதைப் புத்தகத்தில் படித்து நான் கற்கவில்லை. ஒன்றரைக் கிலோ விரால் ஒன்றைக் கரையேற்றும் ஆவலில் கம்பைத் தோளுக்குப் பின்னால் சாய்த்தேன். நுனியிலிருந்து ஒரு சாண் முறிந்து நரம்போடு தண்ணீருக்குள் போயிற்று. விட்டத்தின் நான்மடி என்று வகுப்பில் கரும்பலகையில் எழுதியவன் கரையில் அதை மறந்துபோனேன்!

நம் நாட்டில் ஒரு வரலாறு

தூண்டில் கம்பைப் பற்றி நம் நாட்டில் முறையாக எழுதும் வழக்கம் பழையது. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'இந்தியாவில் தூண்டில் கம்பு' என்னும் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் வாழும் மகசீர் என்ற பெருங்கெண்டையைத் தேடி அக்காலத்தில் பலர் வந்தார்கள். 1946இல் மைசூரைச் சேர்ந்த வான் இன்கன் என்பவர் கபினி ஆற்றில் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையுள்ள மகசீரைத் தூண்டிலில் பிடித்தார். திமிலுள்ள அந்தக் காவிரி மகசீர் இனம் இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவித்தது. பெரிய கம்பு எப்போதும் பெரிய மீனைத் தருவதில்லை. மீன் ஆற்றில் இருந்தால்தானே!

நம் கண்மாய்களுக்கும் இது பொருந்தும். நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகக் கொப்பளிப்பதைக் கண்டால், அவற்றின் கீழே தாய் விராலோ தந்தை விராலோ காவல் நிற்கிறது என்று பொருள். அவ்வேளையில் தவளையை எறிந்தால் அது இரைக்காக இல்லாவிட்டாலும் குஞ்சுகளைக் காக்கும் சினத்தில் கவ்வும். காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அந்த இடத்தை விட்டு நகர்ந்து போவதே முறை. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையிலும் குத்தகைக் கண்மாய்களிலும் மீன்பிடி உரிமை உடையவர்களின் அனுமதியைப் பெற்றே தூண்டில் போடவேண்டும்.

உயிரைக் காக்கும் ஓர் எச்சரிக்கை

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். எட்டடிக் கார்பன் கம்பை நிமிர்த்திப் பிடித்தால், கையின் உயரத்தோடு சேர்ந்து அதன் நுனி பதின்மூன்று அடிக்குமேல் போகும். கரையை ஒட்டிய தோட்டங்களின் பம்புசெட்டுகளுக்காக மின்கம்பிகள் கண்மாய்களின் குறுக்கே செல்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில இடங்களில் அவை தொய்ந்தும் இருக்கும். உயர்ந்த கரைமேல் நின்றால் கம்பிக்கும் நமக்கும் இடைவெளி இன்னும் குறையும். 11,000 வோல்ட்டுக் கம்பியைத் தொடவும் வேண்டியதில்லை. மிக நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடக்கூடும். நனைந்த மூங்கிலும், ஈரமான நரம்பும் பாதுகாப்பானவை அல்ல.

ஐப்பசியில் மாலைநேர இடிமழை நம் பள்ளத்தாக்கில் வழக்கமானது. திறந்த நீர்வெளியின் கரையில் கார்பன் கம்பை நிமிர்த்தி நிற்பவர், தம் கையில் ஓர் இடிதாங்கியைப் பிடித்திருக்கிறார் என்றே கொள்ளவேண்டும். அந்த இடிதாங்கிக்கும் நிலத்துக்கும் நடுவே அவர் உடலே இணைப்பு. முதல் இடியோசை கேட்டதும் கம்பைக் கீழே கிடத்திவிட்டு, தனிமரத்தடியில் ஒதுங்காமல் கட்டடத்துக்குள் சென்றுவிடுங்கள். மின்கம்பி தெரியும் இடத்தில் தூண்டிலை வீசவே வேண்டாம். கம்பை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுபோகும்போது படுக்கையாகப் பிடியுங்கள்.

மாணவர் என்ன செய்தார்?

விற்றவர் கம்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். மாணவர் சோர்ந்துவிடவில்லை. நாங்கள் இருவரும் அந்தக் கம்பின் அடியை மேசையில் இறுக்கி, நுனியில் 100, 200, 300 கிராம் எடைகளைத் தொங்கவிட்டு இறக்கத்தை அளந்து வரைபடம் வரைந்தோம். எந்த எடைக்கு அது நன்றாக வளைகிறது என்று பார்த்தோம். பிறகு 100 கிராமுக்குச் சற்றுக் கூடுதலான ஒரு பித்தளைக் கரண்டி இரையை அவரே பழைய பாத்திரத் தகட்டிலிருந்து வெட்டிச் செய்துகொண்டார். உரிய அனுமதியுடன் ஆழமான நீரில் வீசிப் பார்த்தபோது அது எழுந்து பறந்த தூரத்தைக் கண்டு அவர் முகம் மலர்ந்தது. விராலுக்காகக் கல்மூங்கிலில் ஆறரையடிக் கம்பு ஒன்றைத் தாமே பதப்படுத்தி, நுனியைச் சீவி இளக்கி, கம்பி வளையங்கள் கட்டி, ஒரு சிறிய ரீலைப் பொருத்திக்கொண்டார். அன்று சிரித்த சிறுவர்கள் இப்போது அந்தக் கம்பை ஒருமுறை பிடித்துப் பார்க்கக் கேட்கிறார்கள்.

நீங்களும் கம்பு வாங்குமுன் ஒரு சமையலறைத் தராசில் உங்கள் இரையை நிறுத்துப் பாருங்கள். எந்த நீரில், எந்த மீனுக்கு, எவ்வளவு தூரம் வீசப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதன்பிறகு கடைக்குப் போங்கள். முதலில் இரை, அடுத்து கம்பு, கடைசியில் ரீல். இந்த வரிசை மாறாவிட்டால் உழைத்துச் சேர்த்த பணமும் வீணாகாது. கண்மாய்க்கரையில் தலைகுனியவும் நேராது.